தமிழில் உடற்கூறு நூல் தந்த டாக்டர் கிறீன்

இரத்தப் பரிசோதனைக்குப் போனால் நாம் சட்டைக் கையை மடித்து நீட்டுகிறோம். முழங்கை மடிப்பில் ஊசி ஏறுகிறது. அவ்விடத்தில் தோலுக்கு அடியில் இருப்பது, இரத்தம் இருதயத்துக்குத் திரும்பும் நாளம். அதற்குக் கீழே, சற்று ஆழத்தில், இருதயத்திலிருந்து வேகமாய்ப் பாயும் நாடி ஓடுகிறது. இப்படிப்பட்ட விஷயங்களைத் தமிழ் மாணவன் தன் பாஷையிலேயே படிக்கும்படி செய்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறோம்.

டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் வருஷம் அமெரிக்காவில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க்கில் வைத்தியம் படித்து, 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மறு வருஷம் மானிப்பாயில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கி, மாணவர்களுக்கும் வைத்தியம் கற்பித்தார். கிறிஸ்தவ மிஷன் அனுப்பி வந்தவர் அவர். அந்த விஷயத்தில் நம் வழி வேறு. ஆனாலும் சரக்கு நல்லதாயிருக்கும்போது அதை நல்லதென்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

முதலில் ஆங்கிலத்தில்தான் போதித்தார். படித்து வெளிவந்தவர்களில் பலர் சர்க்கார் உத்தியோகம் தேடி வெளியூர் போய்விட்டனர். கிராமத்து நோயாளி வைத்தியரில்லாமல் நின்றான். தமிழில் படித்தவன் ஊரோடு இருப்பான் என்று தீர்மானித்து, 1864 முதல் தமிழிலேயே போதித்தார் அன்னார். நம் சிங்கப்பூரில் வைத்தியப் பள்ளி திறந்ததே 1905இல், அதுவும் ஆங்கிலத்தில். அதற்கு நாற்பது வருஷம் முந்திய கதை இது!

பாடம் சொல்லப் புத்தகம் வேண்டாமா? மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். முதலில் தமிழில் சொல் தேடுவார், இல்லையேல் சமஸ்கிருதம், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதுவார். 1867இல் இரண வைத்தியம் வந்தது. 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ வந்தது. இது லண்டன் டாக்டர் ஹென்றி கிரே 1858இல் வெளியிட்ட பெரிய உடற்கூறு நூலின் தமிழாக்கம்.

கிரேயின் நூல் ஒரு முக்கிய விஷயத்தை எச்சரிக்கிறது. மேற்கையில் ஒரே பெரிய நாடி இறங்கி, முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே பெருவிரல் பக்கமும் சுண்டுவிரல் பக்கமுமாக இரண்டாய்ப் பிரியும். இது பொது விதி. ஆனால் எல்லார் கையும் இதற்கு அடங்குவதில்லை. ஏறக்குறைய எட்டுக் கைக்கு ஒன்றில் பெருவிரல் பக்கத்து நாடி வேறிடத்தில், பெரும்பாலும் மேலேயே, சில சமயம் அக்குளுக்கு அருகிலேயே பிரிந்து வரும் என்கிறது அந்நூல். அப்படியானால் மேற்கையில் இரண்டு நாடிகள்! அதிலொன்று தோலை ஒட்டியும் ஓடலாம். முழங்கை மடிப்பில் கத்தியால் கீறி இரத்தம் வாங்கிய காலம் அது. நாளமென்று நாடியைக் கீறினால் இரத்தம் பீறிடும். இன்றும் நாளத்தில் போடவேண்டிய சில மருந்துகள் நாடியில் ஏறிவிட்டால் விரல்கள் அழுகிப்போவதுண்டு. மணிக்கட்டு நாடி வழியே மெல்லிய குழாய் செலுத்தி இருதயத்தைச் சோதிக்கும் முறை 1989இல் அறிவிக்கப்பட்டது. அதைச் செய்யும் டாக்டர்களும் இந்த மாறுபாட்டை எதிர்பார்த்தே குழாயை நகர்த்துகிறார்கள்.

கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். உடல் தளர்ந்தும் தமிழ் வேலையை விடவில்லை. அங்கிருந்தபடியே திருத்தி முடித்த ‘மனுஷ சுகரணம்’ 1883இல் அச்சேறியது. மறு வருஷம் வூஸ்டரில் காலமானார்.