தூங்கும்போது மூளையைச் சுற்றிப் பார்க்கும் செல்கள்: கண்டுபிடித்தவரை ஆய்வகத்திலிருந்து வெளியேற்றியது ஏன்?

நைட் ஷிஃப்ட், டெட்லைன், விடிய விடிய ஓடிடி... தூக்கத்தைத்தான் நாம முதல்ல வெட்டுறோம். ஆனா மூளைக்குள்ள ஒரு கூட்டம் நாம விழித்திருக்கும்போது ஒரு மாதிரியும், மூளை அடங்கியிருக்கும்போது வேற மாதிரியும் நடந்துகொள்கிறது. அதன் பெயர் மைக்ரோக்ளியா. மூளையின் நோய் எதிர்ப்பு செல்கள் இவை. மூளை செல்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் இவைதான்.

1919-ல் இவற்றை அடையாளம் கண்டு பெயர் வைத்தவர் ஸ்பெயின் நாட்டின் பியோ டெல் ரியோ ஒர்டேகா. அடுத்த வருடமே அவர் வேலை பார்த்த ஆய்வகத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்.

யார் இந்த ஒர்டேகா?

1882-ல் வல்லடோலிட் அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர். மருத்துவம் படித்து, சொந்த ஊரிலேயே கொஞ்ச காலம் டாக்டராக இருந்தார். ஆனா ஆர்வம் எல்லாம் மைக்ரோஸ்கோப் மேலதான். மாட்ரிட் போய் நிக்கோலாஸ் அச்சூகாரோ என்ற ஆய்வாளரிடம் சேர்ந்தார். 1918-ல் அச்சூகாரோ 37 வயதில் இறந்துவிட, ஆய்வகப் பொறுப்பு ஒர்டேகாவிடம் வந்தது.

அவருக்கு மேலே இருந்தவர் சாதாரண ஆள் இல்லை. 1906-ல் நோபல் பரிசு பெற்ற சாண்டியாகோ ரமோன் இ கஹால். நவீன நரம்பியலின் தந்தை என்று இன்றும் சொல்லப்படுபவர்.

என்ன கண்டுபிடித்தார்?

மூளைத் திசுவுக்கு சாயம் ஏற்றினால்தான் செல்கள் கண்ணுக்குத் தெரியும். அன்றிருந்த சாயங்களில் சில செல்கள் கிளையே இல்லாத வெறும் உருண்டைகளாகத் தெரிந்தன. நியூரான், ஆஸ்ட்ரோசைட் இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது வகை என்று கஹால் இவற்றை ஒரே பட்டியலில் போட்டிருந்தார்.

ஒர்டேகா வெள்ளி கார்பனேட்டை வைத்து புது சாய முறையை உருவாக்கினார். அதில் அந்த 'உருண்டை'களுக்கு மெல்லிய கிளைகள் இருப்பது தெரிந்தது. அதோட, அது ஒரு வகை இல்லை, இரண்டு வகை: மைக்ரோக்ளியா, ஒலிகோடென்ட்ரோக்ளியா.

அவர் பார்த்தது எல்லாம் உயிரில்லாத திசுத் துண்டுகள். ஆனாலும் காயம்பட்ட மூளையில் இந்த செல்கள் வடிவம் மாறி, இடம் நகர்ந்து, கழிவுகளை விழுங்குகின்றன என்று கணித்தார். அது சரியாகவே இருந்தது.

பிரச்னை எங்கே வந்தது?

மூத்தவர் சொன்னதை இளையவர் திருத்தினார். கஹால் ஏற்கவில்லை. மைக்ரோக்ளியாவை ஏற்கெனவே கண்டவர் ஸ்காட்லாந்தின் ராபர்ட்சன் என்று சொன்னார். ஆய்வக உள்சண்டைகளும் சேர, 1920-ல் ஒர்டேகா வெளியே அனுப்பப்பட்டார். மாட்ரிட்டிலேயே வேறு இடத்தில் சிறிய ஆய்வகத்தில் வேலையைத் தொடர்ந்தார்.

1924-ல் அவரிடம் கற்றுக்கொள்ள வந்த வைல்டர் பென்ஃபீல்ட், ராபர்ட்சன் பார்த்தது மைக்ரோக்ளியா இல்லை என்று காட்டினார். இருவருக்கும் இடையே பின்னாளில் சமாதானமும் ஏற்பட்டது. நோபலுக்கு ஒர்டேகா பெயர் 1929, 1937 என இரண்டு முறை பரிந்துரைக்கப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை.

1936-ல் உள்நாட்டுப் போர் வெடித்தது. பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்ட், கடைசியில் புவனோஸ் ஐரிஸ். 1945-ல் அங்கேயே புற்றுநோயால் இறந்தார். அவரது உடல் எச்சங்கள் வல்லடோலிட் திரும்பியது 1986-ல்.

தூக்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஆரோக்கியமான மூளையில் மைக்ரோக்ளியா சும்மா இருக்கிறது என்றே பல காலம் நம்பப்பட்டது. 2005-ல் உயிருள்ள எலிகளின் மூளையைப் படம் பிடித்தபோது கதை மாறியது. செல் இருந்த இடத்திலேயே இருந்தாலும், அதன் கிளைகள் இடைவிடாமல் நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்தன. ஆனா அந்த எலிகள் மயக்கத்தில் இருந்தவை.

விழித்திருக்கும் எலிகளில்? 2019-ல் வெளியான இரண்டு ஆய்வுகள் பதில் சொல்லின. விழிப்பில் மூளை சுரக்கும் நார்அட்ரினலின் இந்தக் கிளைகளை அடக்கி வைக்கிறது. மயக்கத்தில் அது குறையும்போது கிளைகள் நீண்டு, அதிக பரப்பைச் சுற்றிப் பார்க்கின்றன. தூக்கத்திலும் நார்அட்ரினலின் குறைகிறது என்பதால், சுற்றிப் பார்ப்பதிலும் பழுது பார்ப்பதிலும் ஒரு பகுதி நாம் தூங்கும்போது நடக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

2017-ல் வந்த இன்னொரு எலி ஆய்வில், தொடர்ந்து சில நாட்கள் தூக்கத்தைக் குறைத்தபோது மைக்ரோக்ளியா உசுப்பிவிடப்பட்ட நிலைக்குப் போவது தெரிந்தது.

இவை எலிகளில் கிடைத்த முடிவுகள். மனிதர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று இப்போதே சொல்லிவிட முடியாது. ஆனா இந்த ஆய்வுகள் எல்லாமே, 1919-ல் ஒர்டேகா வெள்ளிச் சாயத்தில் பார்த்த அதே செல்லைப் பற்றியவைதான்.