ரொட்டி வரியை ஒழித்த துணி வியாபாரி – ரிச்சர்ட் காப்டன்

நம் கல்லூரி மலரில் வாழ்க்கை வரலாறு என்றால் விஞ்ஞானிகளும் பொறியியல் மேதைகளும்தான் வருவார்கள். ஒரு மாறுதலுக்கு, நான் ஒரு துணி வியாபாரியைப் பற்றி எழுதுகிறேன். கோதுமைக்கும் பருப்புக்கும் இறக்குமதி வரியைக் கூட்டுவதா, குறைப்பதா என்று நம் நாட்டில் அடிக்கடி சண்டை நடக்கிறதே, அந்தச் சண்டையை உலகத்திலேயே பெரிதாக நடத்திக் காட்டியவர் இந்த மனுஷன்தான்.

ரிச்சர்ட் காப்டன் 1804 ஜூன் 3-ஆம் தேதி இங்கிலாந்தின் சஸெக்ஸ் மாவட்டத்தில், ஹேஷாட் கிராமத்துப் பண்ணை வீட்டில் பிறந்தார். பதினோரு பிள்ளைகளில் நாலாவது. அப்பா நல்லவர், ஆனால் கணக்கு வழக்கு தெரியாதவர். பண்ணை கைவிட்டுப் போயிற்று. பத்து வயசுப் பையனை யார்க்‌ஷயரில் ஒரு மட்டமான விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஐந்து வருஷம் அரைவயிற்றுச் சாப்பாடு. (ஹாஸ்டல் மெஸ்ஸைத் திட்டும் மாணவ நண்பர்கள் கவனிக்கவும்!) அதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. பதினைந்து வயசில் லண்டனில் உறவினர் ஒருவரின் துணிக்கிடங்கில் குமாஸ்தா. பிறகு மூட்டையோடு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கும் வேலை.

1828-ல் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து சொந்த வியாபாரம். 1831-ல் லங்காஷயரில் ஸாப்டன் என்ற ஊரில் துணிக்கு அச்சுப் போடும் ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அந்தத் துணிக்கு ஆங்கிலத்தில் காலிகோ என்று பெயர். நம் பக்கத்துக் கோழிக்கோட்டின் பெயரிலிருந்து வந்த சொல்தான். அச்சுத்துணி காப்டனுக்கு நல்ல லாபம் கொடுத்தது. மான்செஸ்டரில் வீடு, ஊரில் மதிப்பு, அமெரிக்கா வரை பயணம். சும்மா இருந்திருந்தால் பெரும் பணக்காரராகச் செத்திருப்பார். அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

இங்கே தானியச் சட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நெப்போலியனோடு நடந்த யுத்தத்தில் கோதுமை விலை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. யுத்தம் முடிந்தால் வெளிநாட்டுத் தானியம் வந்து விலை இறங்குமே என்று நிலப்பிரபுக்களுக்குப் பயம். பார்லிமெண்டே அவர்கள் கையில். 1815-ல் சட்டம் போட்டார்கள். உள்நாட்டில் ஒரு குவார்ட்டர் கோதுமை (ஏறக்குறைய 218 கிலோ) 80 ஷில்லிங்கை எட்டும்வரை வெளிநாட்டுக் கோதுமை ஒரு மணிகூட உள்ளே விற்பனைக்கு வரக்கூடாது. ஆலைத் தொழிலாளியின் கூலியில் பெரும்பகுதி ரொட்டிக்கே போய்க்கொண்டிருந்த காலம் அது. வரியைக் கட்டியது ஏழை வயிறு, வாங்கிக்கொண்டது நிலச் சொந்தக்காரரின் வாடகைப் பெட்டி.

1828-ல் இதைத் திருத்தி ஒரு சறுக்கு வரி கொண்டுவந்தார்கள். உள்ளூர் விலை ஏற ஏற வரி இறங்கும். 73 ஷில்லிங்கைத் தொட்டால் வரி வெறும் ஒரு ஷில்லிங். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! நடந்தது வேறு. வியாபாரிகள் தானியத்தைத் துறைமுகக் கிடங்கிலேயே பூட்டி வைத்துக்கொண்டு விலை 73-ஐத் தொடட்டும் என்று காத்திருந்தார்கள். சரக்கு வராததால் விலை ஏறும். தொட்டதும் எல்லோரும் ஒரே நாளில் கிடங்கைத் திறப்பார்கள், விலை தடாலென்று விழும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் வகுப்பில் தாறுமாறாக ஆடும் சர்க்யூட்டைப் படித்தோமே, அதேதான். நிலைப்படுத்த வைத்த கருவியே ஆட்டத்தை உண்டாக்கியது. தானியச் சட்டத்தில் எனக்கு ஆர்வம் வந்ததே இந்த இடத்தில்தான்.

1838-ல் மான்செஸ்டரில் தானியச் சட்ட எதிர்ப்புச் சங்கம் உருவானது. அடுத்த வருஷம் அது நாடு தழுவிய லீக் ஆனது. மூளை காப்டன். 1840-ல் ஒரு பென்னி தபால் வந்ததும் துண்டுப் பிரசுரங்கள் லட்சக்கணக்கில் வீடு தேடிப் போயின. வருஷம் 40 ஷில்லிங் வருமானம் வரும் சொத்து இருந்தால் கவுண்டித் தொகுதியில் ஓட்டு உண்டு என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, நகரத்து ஆட்களைச் சின்னச் சின்ன நிலம் வாங்க வைத்து வாக்காளராக்கினார்கள். கில்லாடி யோசனை! 1841-ல் காப்டன் ஸ்டாக்போர்ட் எம்.பி. ஆனார். அந்த வருஷம் செப்டம்பரில் நண்பர் ஜான் பிரைட்டின் இளம் மனைவி இறந்துபோனார். துக்கம் கேட்கப் போன காப்டன், ஆயிரக்கணக்கான வீடுகளில் பெண்களும் குழந்தைகளும் பசியால் சாகிறார்கள், அழுகை கொஞ்சம் அடங்கியதும் என்னோடு வா என்று பிரைட்டை அழைத்தார். அவரும் வந்தார்.

காப்டனின் பேச்சில் ஆர்ப்பாட்டம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்வது போலப் பேசுவார். 1845 மார்ச்சில் அவர் பேசி முடித்ததும், பிரதமர் ராபர்ட் பீல் கையிலிருந்த குறிப்புக் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு, பதில் சொல்லும் பொறுப்பைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டார் என்று சொல்வார்கள்.

ஆனால் அதே வருஷம் காப்டன் வீட்டு நிலைமை என்ன? வியாபாரத்தைச் சகோதரரிடம் விட்டுவிட்டு வருஷக்கணக்கில் ஊர் சுற்றியதில் கம்பெனி திவாலாகும் நிலை. செப்டம்பரில், பொதுவாழ்க்கையை விட்டுவிடுகிறேன் என்று பிரைட்டுக்குக் கடிதம் எழுதிவிட்டார். ஸ்காட்லாந்தில் இருந்த பிரைட் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். நண்பர்கள் பணம் திரட்டித் தற்காலிகமாகத் தாங்கிப் பிடித்தார்கள். அது மட்டும் நடக்காமல் போயிருந்தால்? ஏனென்றால் சில வாரங்களிலேயே அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோய் பரவி, பீல் மனசை மாற்றிக்கொண்டார். 1846 மே மாதம் 327-க்கு 229 ஓட்டில் காமன்ஸ் சபை தானியச் சட்டத்தை ரத்து செய்தது. ஜூன் 25-ல் பிரபுக்கள் சபையும் ஒப்புக்கொண்டது. அன்று ராத்திரியே வேறொரு மசோதாவில் பீலை அவர் கட்சிக்காரர்களே கவிழ்த்தார்கள். பதவி விலகும் பேச்சில், பெருமை தனக்கல்ல, காப்டனுக்கே என்று பீல் பெயர் சொல்லிப் பாராட்டினார். இரண்டு பேரும் மூணு வருஷம் முன்னால் சபையில் ஜென்மப் பகையாளிகள் போல மோதிக்கொண்டவர்கள்!

நன்றியுள்ள ஜனங்கள் நிதி திரட்டி 75 ஆயிரம் பவுனுக்கு மேல் கொடுத்தார்கள். கடனை அடைத்து, பிறந்த பண்ணையைத் திரும்ப வாங்கினார். மிச்சத்தில் பெரும்பகுதியை அமெரிக்க ரயில்வே பங்குகளில் போட்டுத் திண்டாடினார்.

அவரை ஒரேயடியாகத் தூக்கிவைக்க எனக்கு மனசில்லை. வயது வந்த தொழிலாளரின் வேலை நேரத்தைச் சட்டம் போட்டுக் குறைப்பதை அவர் ஏற்கவில்லை. ரொட்டி மலிந்தால் முதலாளி கூலியைக் குறைப்பான் என்று சார்ட்டிஸ்ட் தொழிலாளர்கள் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. அயர்லாந்தையும் ரத்து காப்பாற்றவில்லை. வரி 1849-ல்தான் முழுசாக இறங்கியது, அங்கே பத்து லட்சம் பேர் மாண்டார்கள். நம் தாத்தா பாட்டிகள் சொல்லும் தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-78-ல், சென்னை அரசு தானியம் வாங்கி இருப்பு வைத்தபோது, வர்த்தகத்தில் கைவைக்காதே என்று வைஸ்ராய் லிட்டனின் அரசு தடுத்தது. தடையற்ற வர்த்தகம் என்ற கொள்கையின் பெயரால்தான். காப்டன் அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் லிட்டன் பக்கம் நின்றிருப்பாரா? இந்தியாவை ஆயுதத்தால் ஆள்வதே தப்பு என்று நினைத்தவர் அவர். பர்மா யுத்தம் எப்படிக் கிளப்பப்பட்டது என்று 1853-ல் ஒரு நூலே எழுதினார். வர்த்தகம் பெருகினால் யுத்தம் குறையும் என்பதுதான் அவருடைய முழு நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலையும் சாதாரணமல்ல. கிரிமியா யுத்தத்தை எதிர்த்து மக்கள் செல்வாக்கை இழந்தார். 1857-ல் சீனாவின் மீது குண்டு வீசியதைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்து பாமர்ஸ்டன் அரசையே தோற்கடித்தார். உடனே வந்த தேர்தலில் மண்ணைக் கவ்வினார். அதற்கு முந்தைய வருஷம்தான் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த 15 வயசு ஒரே மகன் திடீரென்று காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தான். மனைவி கேத்தரின் பல காலம் அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை.

1859-ல் பாமர்ஸ்டனே மந்திரி பதவி தர முன்வந்தார். இத்தனை நாள் திட்டிவிட்டு எப்படி உட்காருவது என்று மறுத்துவிட்டார். ஆனால் பாரிஸுக்குப் போய் 1860 ஜனவரி 23-ல் பிரான்சோடு வர்த்தக ஒப்பந்தத்தை முடித்துக் கொடுத்தார். ஒருவருக்குத் தரும் சலுகை மற்றவருக்கும் உண்டு என்று அதில் இருந்த விதி ஐரோப்பா முழுக்கப் பரவியது. 1947-ன் காட் ஒப்பந்தத்தில் முதல் ஷரத்தே அதுதான். வேலை முடிந்ததும் பட்டம் தருகிறோம் என்றார்கள். அதையும் வேண்டாம் என்றார்.

1865 மார்ச்சில், கனடாவில் கோட்டை கட்டும் செலவை எதிர்க்க, உடம்பு சரியில்லாத நிலையிலும் லண்டனுக்குப் புறப்பட்டார். குளிர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. ஏப்ரல் 2-ல் காலமானார். சஸெக்ஸில் மேற்கு லாவிங்டன் மாதா கோவிலில், மகன் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். லண்டன் காம்டன் டவுனில் 1868-ல் அவருக்குச் சிலை எழும்பியபோது, அதற்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பிரான்ஸ் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன்.