நடராஜ முதலியாரின் வெள்ளைத் துணி

திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் குறும்படம் எடுக்க முனையும் கல்லூரி மாணவர்கள் இப்போது முதலில் தேடுவது ஒரு பச்சைத் துணியைத்தான். ஜவுளிக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் துணியை மொட்டைமாடிச் சுவரில் இழுத்துக் கட்டுகிறார்கள். அதன்முன் நண்பனை நிறுத்திக் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். பிறகு கணினியில் பச்சையை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் செஞ்சிக் கோட்டையை வைத்துவிடுகிறார்கள். கோட்டைக்குள் சென்று படமெடுக்க இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். துணிக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை.

இந்த இளைஞர்கள் பலர், நல்ல கருவி வாங்கப் பணமில்லை என்ற குறையை என்னிடம் சொல்வதுண்டு. பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் பணக்குறையை நான் இலேசாக எண்ணுவதில்லை. ஆனாலும், திரைப்படத் தொழிலில் எது மலிவு, எது அருமை என்பதை அறிய, தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தை எடுத்த ஆர். நடராஜ முதலியாரின் வாழ்க்கையைவிடச் சிறந்த பாடம் இல்லை என்பேன்.

நடராஜ முதலியார் 1885இல் வேலூரில், வசதியான குடும்பத்தில் பிறந்தார். இளவயதில் சென்னைக்கு வந்து உறவினருடன் சேர்ந்து மிதிவண்டி வணிகம் செய்தார். பின்னர் அமெரிக்க மோட்டார் வண்டிகளையும் உதிரி பாகங்களையும் விற்கும் நிறுவனம் ஒன்றை வாங்கி நடத்தினார். வணிகத்தில் காலூன்றிய அவரை நிழற்படக் கலை ஈர்த்தது. 1913இல் தாதாசாகேப் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளியாகி, இந்தியர்களும் கதைப்படம் எடுக்க முடியும் என்பதை மெய்ப்பித்தது. பால்கேயின் படங்களைக் கண்ட முதலியாருக்கும் அந்த ஆசை பிறந்தது. கற்றுக்கொடுக்கப் பள்ளி எதுவும் இல்லாத காலம் அது. ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளர் புனாவில் இருப்பதை அறிந்து அவரைத் தேடிச் சென்றார். படப்பெட்டியைச் சுழற்றும் முறையின் அடிப்படைகளைக் கற்றுத் திரும்பினார்.

கூட்டாளிகளின் முதலீட்டுடன் இந்தியா பிலிம் கம்பெனியைத் தொடங்கி, புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஒரு வீட்டைப் படப்பிடிப்பு நிலையமாக மாற்றினார். தஞ்சைப் பகுதி நிலக்கிழார் ஒருவரிடமிருந்து வில்லியம்சன் படப்பெட்டியையும் அச்சிடும் கருவியையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். மின்விளக்குகள் இல்லை, வெயில்தான் விளக்கு. உச்சிவெயிலோ நடிகரின் கண்குழிகளைக் கரிய பள்ளங்களாக்கிவிடும். ஆகவே அரங்கின்மேல் மெல்லிய வெள்ளைத் துணியை விதானமாகக் கட்டினார். வெயில் அதில் பட்டுச் சிதறி, கடுமை தணிந்து, முகமெங்கும் சீராகப் படர்ந்தது.

இன்றைய பச்சைத் துணியின் இரகசியமும் இதுவே. மனிதத் தோலின் நிறத்திலிருந்து வெகுவாக விலகியது பச்சை; எண்முறைப் படக்கருவியின் உணரியிலும் பச்சைக்குரிய புள்ளிகள் சிவப்பு, நீலப் புள்ளிகளைப்போல் இருமடங்கு உள்ளன. அதனால் கணினி பச்சையை எளிதில் பிரித்தறிகிறது. ஆனால் துணியில் ஒருபுறம் வெயிலும் மறுபுறம் நிழலும் விழுந்தால், அல்லது மடிப்பும் சுருக்கமும் இருந்தால், கணினியின் கண்ணுக்கு அது ஒரு பச்சையன்று, பத்துப் பச்சை. துணியை இஸ்திரி போட்டு விறைப்பாகக் கட்ட வேண்டும். நடிகர் துணியிலிருந்து ஆறடியாவது முன்னே நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் பச்சைச் சாயல் தோளிலும் தலைமுடியிலும் படிந்துவிடும். பச்சை ஆடை உடுத்தினால் உடலே மறைந்து தலைமட்டும் மிதக்கும். நேர்வெயிலைத் தவிர்க்க மேலே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். அந்த வேட்டிதான் மில்லர்ஸ் சாலையில் முதலியார் கட்டிய விதானம்.

துணியை வைத்து மாயம் காட்டும் வழக்கம் நம் பகுதிக்குப் புதிதும் அன்று. செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் நடக்கும் தெருக்கூத்தில், இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னிருந்தே வேடதாரி அவையில் தோன்றுகிறார். முதலியார் தம் முதல் படத்திற்கு எடுத்துக்கொண்ட கதையும் இக்கூத்து மேடைகளில் விடிய விடிய ஆடப்படும் பாரதக் கதைதான். நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரின் ஆலோசனையைக் கேட்டுக் ‘கீசக வதம்’ எடுக்க முடிவு செய்தார். சுகுண விலாச சபையின் புகழ்பெற்ற நடிகரான ரங்கவடிவேலு நடிகர்களைப் பழக்கினார். மௌனப் படத்திற்கு வேண்டிய எழுத்து அட்டைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுக்கப் பச்சையப்பன் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் முன்வந்தனர்.

ஏறத்தாழ ஐந்து வாரங்களில் படப்பிடிப்பு முடிந்தது. சென்னை வெப்பத்தில் படச்சுருளின் பூச்சு இளகிவிடும் என்பதால், சுருளைக் கழுவப் பெங்களூரில் ஒரு கூடத்தை அமைத்து அங்கே சென்று வந்தார். படத்திற்கு ஆன செலவு சுமார் 35,000 ரூபாய். சென்னையில் வெளியான படம் பர்மா, இலங்கை, மலாய் நாடுகள், சிங்கப்பூர் வரை சென்று 50,000 ரூபாய் ஈட்டியது, இலாபம் 15,000.

இக்கணக்கைச் சற்று உற்றுநோக்க வேண்டும். படப்பெட்டியின் விலை, படத்தின் செலவோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்குதான். துணியின் விலையோ கணக்கில் எழுதத் தகாதது. மனித உழைப்பு, இடம், படச்சுருள், பயணம் ஆகியவையே பெருஞ்செலவு. வருவாயைத் தந்ததும் கருவி அன்று. கடல் கடந்தும் படத்தைத் திரையிட இருந்த கொட்டகைகளே தந்தன. இன்று கைப்பேசியும் துணியும் எல்லார்க்கும் எட்டும் பொருள்களாகிவிட்டன. எட்டாதவை, சீரான வெளிச்சமுள்ள ஒரு கூடமும், எடுத்த படத்தைப் பலர் கூடிப் பார்க்கும் ஓர் அரங்கமும்தான். நூறாண்டில் விலைகள் மாறின, தட்டுப்பாடு மாறவில்லை.

முதலியார் மேலும் சில படங்களை எடுத்தார். ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘லவகுசா’, ‘மார்க்கண்டேயா’, ‘மயில் ராவணன்’ ஆகியவை அவற்றுள் அடங்கும். பின்னர் பேரிடி விழுந்தது. 1923இல் அவருடைய படப்பிடிப்பு நிலையத்தில் நேர்ந்த தீ விபத்தில் தம் மகனை இழந்தார். அதோடு திரைத் தொழிலைவிட்டே விலகினார். அப்போது அவருக்கு வயது 38. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்ததையும், சென்னை பெருந்திரைநகராக வளர்ந்ததையும் அவர் வெளியிலிருந்தே பார்த்தார். 1970களின் தொடக்கத்தில் மறைந்தார்.

புனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் நிறுவப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. ‘கீசக வதம்’ படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. முன்னோடி உயிரோடு இருந்தபோதே அவருடைய படைப்பு அழிந்துபோனது. நிலையம், ஆய்வுக்கூடம், பயிற்சி ஆகிய எல்லாவற்றையும் அவர் ஒருவரே தாங்கினார். அவர் ஒடிந்தபோது எல்லாம் ஒடிந்தன. தனிமனிதத் துணிவை மட்டும் நம்பி நிற்கும் எந்தத் தொழிலுக்கும் இதுவே கதி.

நம் மாவட்டத்து இளைஞர்கள் எடுக்கும் படங்களும் இதே ஆபத்தில்தான் உள்ளன. ஒரு கைப்பேசி தொலைந்தால், ஒரு வன்தட்டு பழுதானால் ஓராண்டு உழைப்பு காற்றில் போய்விடும். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஓர் அறையின் சுவருக்கு மங்கலான பச்சை வண்ணம் பூசி, இருபுறமும் இரண்டு விளக்குகள் பொருத்த ஆகும் செலவு, ஓர் ஆண்டுவிழாப் பந்தலின் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். மாதம் ஒருமுறை கல்லூரி அரங்கில் அப்படங்களைத் திரையிடலாம். மாவட்ட மைய நூலகம் ஒவ்வொரு படத்தின் பிரதியையும் பெற்றுப் பாதுகாக்கலாம். பச்சையப்பன் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் அன்று எழுத்து அட்டைகளுக்குச் செய்த உதவியை, கல்லூரிகள் இன்று வேறு வடிவில் செய்யலாம்.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாக வேலூருக்குச் செல்லும் இரயில் பாதை, முதலியார் பிறந்த ஊரை நம் ஊரோடு இணைக்கிறது. அவருக்கு நாம் சிலை எழுப்ப வேண்டியதில்லை. தொடங்கும் துணிவும் துணியும் இங்குள்ள பிள்ளைகளிடம் இருக்கின்றன. கூடத்தையும் அரங்கையும் காப்பகத்தையும் நாம் கொடுப்பதே அவருக்குச் செய்யும் தகுந்த மரியாதை.