ஒகோட் பிபிடெக்: தாய்மொழியில் பாடிய பட்டதாரி

ஆப்பிரிக்க இலக்கியம் என்றதும் நம்மில் பலருக்கு நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபியின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால், மொழிக் கழகத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுத அமர்ந்தபோது நான் தேர்ந்தெடுத்தது உகாண்டா நாட்டுக் கவிஞர் ஒகோட் பிபிடெக்கை. தம் தலைசிறந்த படைப்பை ஆங்கிலத்தில் அல்லாமல், தம் தாய்மொழியான அச்சோலியில் முதலில் எழுதியவர் அவர். தாய்மொழியில் எழுதினால் யார் படிப்பார் என்ற கேள்வி அவர் முன்னும் இருந்தது. இன்று நம் முன்னும் இருக்கிறது.

ஒகோட் 1931ஆம் ஆண்டு உகாண்டாவின் வடபகுதியிலுள்ள குலுவில் பிறந்தார். நாடு அப்போது பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. தந்தை பள்ளி ஆசிரியர். கதை சொல்வதில் வல்லவர். தாயார் பாடல் புனைந்து பாடுவதில் பெயர் பெற்றவர். பள்ளியில் ஆங்கிலமும் வீட்டில் அச்சோலிப் பாட்டும் கதையுமாக அவர் வளர்ந்தார். 1953இல், இருபத்திரண்டு வயதிலேயே, அச்சோலி மொழியில் ஒரு நாவலை வெளியிட்டார். மணம் முடிக்கப் பெண் வீட்டாருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைத் தேடித் தலைநகர் கம்பாலாவுக்குப் போகும் ஏழை இளைஞனின் கதை அது. அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தைத் திரும்பும் வழியில் பறிகொடுத்து, அவன் வெறுங்கையோடு ஊர் வந்து சேர்கிறான்.

ஒகோட்டை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றது கல்வி அன்று, காற்பந்து! 1956இல் பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்த உகாண்டா அணியில் அவரும் ஓர் ஆட்டக்காரர். பயணம் முடிந்ததும் அங்கேயே தங்கிப் படிக்கத் தொடங்கினார். பிரிஸ்டலில் கல்வியியல், வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் சட்டம், ஆக்ஸ்பர்ட்டில் சமூக மானிடவியல் என்று அவருடைய படிப்பு நீண்டது. ஆக்ஸ்பர்ட் விரிவுரைகளில் ஆப்பிரிக்க மக்களைக் காட்டுமிராண்டிகள் என்னும் பொருள்படப் பேசியது அவரைப் புண்படுத்தியது. எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. ஆனால், அவர் படிப்பை உதறிவிட்டு வரவில்லை. அங்கே கற்ற ஆய்வு முறையைக் கொண்டே தம் மக்களின் சமயத்தையும் வாய்மொழி இலக்கியத்தையும் ஆராய்ந்தார்.

அந்த ஆய்வில் அவர் எடுத்துக்காட்டிய ஒரு நிகழ்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது. 1911ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியப் பாதிரியார்கள் அச்சோலிப் பெரியவர்களிடம் உங்களைப் படைத்தவர் யார் என்று கேட்டார்களாம். படைத்தல் என்பதற்கு அம்மொழியில் நேரான சொல் இல்லை. அதனால், உங்களை வனைந்தவர் யார் என்று கேள்வியை மாற்றினார்கள். மனிதன் தாய் வயிற்றில் பிறப்பவன். பானையைப் போல் வனையப்படுபவன் அல்லன் என்று பெரியவர்கள் திகைத்தார்கள். பாதிரியார்கள் விடவில்லை. கடைசியில் ஒருவருக்கு, முதுகெலும்பு நோயால் கூனிப் போனவர்களை அப்படி வனைந்துவிடும் ஆவியின் நினைவு வந்தது. அதன் பெயரைச் சொன்னார். ருபாங்கா என்ற அந்தப் பெயரே பின்னர் கடவுளின் பெயராக வேதாகமத்தில் இடம்பெற்றுவிட்டது. மொழி அறியாமல் ஒரு சமூகத்தை அறிய முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது ‘லாவினோவின் பாட்டு’ என்னும் நெடுங்கவிதையாகும். பள்ளிக்குச் செல்லாத கிராமத்துப் பெண் லாவினோ. அவள் கணவன் ஓச்சோல் பட்டம் பெற்றவன். உதட்டுச் சாயம் பூசிய நாகரிகப் பெண் கிளெமெண்டைனை நாடிச் செல்லும் அவன், கடிகாரம் பார்க்கத் தெரியவில்லை, புதுவகை அடுப்பில் சமைக்கத் தெரியவில்லை என்று லாவினோவை இழிவாகப் பேசுகிறான். அதற்கு அவள் தன் சுற்றத்தாரிடம் முறையிடுவதுதான் பாட்டு. பிறர் வழக்கங்களை அவள் ஒழிக்கச் சொல்லவில்லை. அவரவர் வழக்கம் அவரவர்க்கு. என்னுடையதை ஏன் வேரோடு பிடுங்குகிறாய் என்பதே அவள் வாதம். குடும்பம் இடம் மாறிப் போனாலும் பழைய வீட்டு முற்றத்துப் பூசணிக்கொடியைப் பிடுங்கக் கூடாது என்பது அச்சோலி மக்களின் பழமொழிக் கருத்து. கவிதை முழுவதும் அது திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.

1966இல் நைரோபியில் வெளிவந்தது ஒகோட்டே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. மூல அச்சோலி நூல் அச்சேறியதோ 1969இல்தான். முதலில் பிறந்த குழந்தை பின்னால் பெயர் பெற்ற கதை இது! மொழிபெயர்ப்பில் மூலத்தின் கூர்மை மழுங்கிவிட்டது, சந்தம் மடிந்துவிட்டது என்று நூலின் முகப்பிலேயே அவர் ஒப்புக்கொண்டார்.

1970இல் ‘ஓச்சோலின் பாட்டு’ வந்தது. பழமை முழுவதையும் அழித்துவிடத் துடிக்கும் படித்தவனின் பதில் அது. 1971இல் வெளிவந்த ‘இரு பாடல்கள்’ நூலில் ஒன்று, சிறையில் அடிபட்டுக் கிடப்பவனின் புலம்பல். மற்றொன்றின் பெயர் ‘மலாயாவின் பாட்டு’. தலைப்பைக் கண்டதும் நமக்கு இந்நாட்டின் பழைய பெயர் நினைவுக்கு வரும். சுவாஹிலி மொழியில் அச்சொல்லுக்கு விலைமாது என்று பொருள். தன்னிடம் இரவில் வந்துவிட்டுப் பகலில் தன்னைத் தூற்றும் பெரிய மனிதர்களை அவள் எள்ளி நகையாடுகிறாள். 1974இல் அச்சோலி மக்களின் பாடல்களையும் தொகுத்து வெளியிட்டார்.

கம்பாலாவின் தேசியப் பண்பாட்டு மையத்துக்கு இயக்குநராக இருந்த ஒகோட், அரசைக் குறைகூறியதால் அப்பதவியை இழந்தார். பிறகு கென்யாவில் பல ஆண்டுகள் பணியாற்றினார். கிசுமு நகரில் கலைவிழா நடத்தினார். நைரோபிப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1971இல் இடி அமின் ஆட்சியைக் கைப்பற்றியதால் தாயகம் மேலும் தொலைவாயிற்று. அமின் வீழ்ந்த பின்னரே மெக்கரெரே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். அங்குப் படைப்பிலக்கியப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற சில மாதங்களில், 1982 ஜூலை 20ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 51 மட்டுமே.

ஒகோட்டைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். சான்றிதழ்களைப் பார்த்தால் அவர் ஓச்சோல். குரலைக் கேட்டால் லாவினோ. ஆங்கிலம் வராததால் அச்சோலியில் எழுதியவர் அல்லர் அவர். மூன்று பல்கலைக்கழகங்களில் படித்தும் தாயின் பாட்டைக் கேட்டு நாணாதவர். ஓச்சோலின் குற்றம் படித்தது அன்று. படித்ததால் வீட்டைப் பார்த்து வெட்கப்பட்டது.

மலாயிலும் ஆங்கிலத்திலும் விரிவுரை கேட்டு, பட்டம் பெற்று வெளியேறப் போகும் நாம் ஒவ்வொருவரும் நம்முள் இருக்கும் ஓச்சோலை அறிவோம். தமிழில் எழுத நேரமில்லை, படிக்க ஆளில்லை என்று சொல்வது அவன்தான். ஒகோட்டுக்கும் வாசகர் கூட்டம் காத்திருக்கவில்லை. அவர் முதலில் எழுதினார். வாசகர்கள் பிறகு வந்தார்கள். நண்பர்களே, அடுத்த மலருக்கு எழுத அழைக்கும்போது இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.