மணியோசைக்குக் காத்திருந்த துறவி



கல்முனையில் அமைதியாகத் தியானம் செய்ய இடம் தேடுபவர் விரைவில் களைத்துப் போவார். ஒருபுறம் கடலின் இரைச்சல். மறுபுறம் பிரதான வீதியின் பேருந்துகளும் சந்தையின் ஆரவாரமும். மாலையில் இஸ்லாமியச் சகோதரர்களைப் பாங்கொலி தொழுகைக்கு அழைக்கும் வேளையில், நாமும் செபிக்க அமர்கின்றோம். கண்களை மூடியதும் மனம் ஓடத் தொடங்குகின்றது. தியானம் நமக்கு உரியதன்று என்று எழுந்துவிடுகின்றோம்.

அவ்வாறு எழுந்து சென்ற ஒருவரே பின்னர் செபத்தின் ஆசிரியையானார். கார்மேல் பற்றிமா கல்லூரியின் பெயரால் கார்மேல் என்னும் சொல் நமக்குப் பழக்கமானது. அந்தக் கார்மேல் துறவற மரபைச் சீர்திருத்திய அவிலா நகர்ப் புனித தெரேசாவே அவர்.

1515-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் பிறந்த தெரேசா, 1535-இல் அவிலாவிலிருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்தார். மடம் என்றதும் மௌனத்தை எண்ணிவிட வேண்டாம். சகோதரியர் பலர் நெருக்கமாக வாழ்ந்த இடம் அது. பார்வையாளர் அறையில் உரையாடல் ஓயாது. இனிமையாகப் பேசும் தெரேசாவைக் காண வந்தோரும் பலர்.

1539-இல் கடும் நோய் அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டு சென்றது. உயிர் மீண்ட பின்பும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவரால் இயல்பாக நடமாட முடியவில்லை. உடல் தேறியதும் உள்ளம் சோர்ந்தது. இத்தனை குறைகளோடு இறைவன் முன் அமரத் தகுதியில்லை எனக் கருதி, ஓராண்டுக்கும் மேலாகத் தியானத்தைக் கைவிட்டார். தாழ்ச்சியின் வேடத்தில் வந்த அதனையே தம் வாழ்வின் பெரும் சோதனையாகப் பின்னாளில் அவர் கருதினார். 1543-இல் தந்தை இறந்தபின், தொமினிக்கன் சபைக் குரு ஒருவரின் அறிவுரையால் மீண்டும் தொடங்கினார்.

தொடங்கியதும் அமைதி வந்துவிடவில்லை. தியான நேரம் முடிந்து மணி எப்போது அடிக்கும் என்று செவிசாய்த்துக் காத்திருந்த நாட்கள் பல. ஆயினும் அவர் எழுந்து போகவில்லை. கையில் ஒரு நூல் இருந்தால் மனம் ஓரளவு ஒடுங்கியது. வயலையும் நீரையும் மலரையும் நோக்குவது உதவியது. கெத்சமனித் தோட்டத்தில் தனித்திருந்த ஆண்டவருக்குத் துணையாகத் தாம் அருகில் இருப்பதாக எண்ணிக்கொள்வார்.

1554-இல் காயமுற்ற கிறிஸ்துவின் சுரூபம் ஒன்று அவர் இதயத்தை உருக்கியது. அதன்பின் செபம் ஆழமானது. 1562-இல் முதல் சீர்திருத்த மடத்தை நிறுவினார். 1577-இல் ஆன்மாவின் உள் மாளிகையைப் பற்றி எழுதியபோதும், பெருநதிகள் பாய்வது போன்ற இரைச்சல் அவர் தலைக்குள் இருந்தது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை, செபிப்பதையும் நிறுத்தவில்லை. 1582-இல் இறந்த அவரை, 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் மறைவல்லுநராக அறிவித்தார். அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே.

நம் கரையில் சிலருக்கு வெளி ஓசையை விட உள் ஓசையே கொடியது. 2004 டிசம்பர் 26-இல் உறவுகளைக் கடலுக்குக் கொடுத்தோர், கண்களை மூடினால் அந்நாளே கண்முன் வரும் என அஞ்சுகின்றனர். அவர்களுக்கும் தெரேசா துணை நிற்கின்றார். ஓசை அடங்கட்டும் என்று காத்திராமல், ஒரு நூலைத் திறந்துவைத்து, இன்றிரவு கால் மணி நேரம் ஆண்டவர் அருகே அமர்வோம். மனம் ஓடினாலும் நேரம் முடியும்வரை எழாதிருப்போம். அதுவும் செபமே.