ஏழு பிள்ளைகளுக்கு ஒரு தாய்

தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை எடுத்து வளர்ப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் கூடப் பிறந்தவர்கள் ஏழு பேர் என்றால்? வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடத்தான் தோன்றும். அப்படிப் பிரிக்காமல் ஏழு பேரையும் ஒரே வீட்டில் வைத்து வளர்த்தவர், நார்சிசா விட்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி.

இவர் 1808-ம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். இனிமையாகப் பாடுவார். 1836-ல் டாக்டர் மார்க்கஸ் விட்மனை மணந்தார். கிறிஸ்தவ ஊழியம் செய்ய இருவரும் மேற்கே புறப்பட்டார்கள். ராக்கி மலைகளைத் தாண்டிய முதல் இரண்டு வெள்ளைக்காரப் பெண்களில் நார்சிசாவும் ஒருவர். கேயூஸ் என்ற பழங்குடி மக்களின் நாட்டில், வாயிலட்பு என்ற இடத்தில் குடியேறினார்கள்.

மகள் போனாள்

1837-ல், தாயின் பிறந்த நாளன்றே ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் அலிஸ். இரண்டு வயதில் அவள் ஆற்றில் விழுந்து இறந்தாள். அதற்குப் பிறகு நார்சிசாவுக்குக் குழந்தை பிறக்கவில்லை. பிறர் விட்டுச் சென்ற சில குழந்தைகளை வீட்டில் சேர்த்துக்கொண்டு மனதைத் தேற்றிக்கொண்டார்.

வண்டியில் வந்தவர்கள்

1844-ல் ஹென்றி சேகர் என்பவர் (பெயர் நம் ஊர்ப் பெயர் போல இருந்தாலும் ஆள் அமெரிக்கர்தான்) மனைவி, பிள்ளைகளுடன் மிசௌரியிலிருந்து கூண்டு வண்டியில் கிளம்பினார். வழியில் ஏழாவது குழந்தை பிறந்தது. மகள் கேதரின் வண்டியிலிருந்து தவறி விழ, சக்கரம் ஏறிக் கால் முறிந்தது. பிறகு காய்ச்சல் வந்து தகப்பன் இறந்தார். ஒரு மாதத்துக்குள் தாயும் இறந்தாள். மூத்தவன் ஜானுக்கு வயது 13. கைக்குழந்தைக்கு நான்கு மாதம்கூட நிரம்பவில்லை. கூட வந்த பெண்கள் மாறி மாறிப் பால் கொடுத்து அதைக் காப்பாற்றினார்கள்.

அக்டோபரில் வண்டி விட்மன் வீட்டு வாசலில் வந்து நின்றது. வெறுங்காலும் அழுக்குத் துணியுமாகப் பிள்ளைகள் ஒடுங்கி நின்றார்கள். நார்சிசா பெண் குழந்தைகளை விரும்பினார். அப்படியானால் பையன்கள் எனக்கு வேண்டும் என்றார் டாக்டர். ஏழு பேரும் ஒரே வீட்டில் தங்கினார்கள். சில நாள் கழித்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்த கைக்குழந்தையை நார்சிசா தானே பார்த்துத் தேற்றினார்.

கண்டிப்பான அம்மா

ஏற்கனவே இருந்தவர்களோடு வீட்டில் 11 பிள்ளைகள் ஆயின. நார்சிசா செல்லம் கொடுக்கிறவர் அல்ல. நேரத்துக்கு வேலை, நேரத்துக்குப் படிப்பு, தினமும் குளியல். ஆளுக்கு ஒரு சிறு தோட்டப் பாத்தியும் உண்டு. பாட்டும் சொல்லிக் கொடுத்தார். கண்டிப்பு பொறுக்காமல் இரண்டாவது பையன் பிரான்சிஸ் ஒரு தடவை ஓடியே போய்விட்டான். சில மாதம் கழித்துத் திரும்பி வந்தான். வீட்டுக்கதவு அவனுக்குத் திறந்தே இருந்தது! 1845-ல் டாக்டர் சட்டப்படி ஏழு பேருக்கும் பாதுகாவலர் ஆனார்.

வந்தது அம்மை

ஆண்டுதோறும் வெள்ளையர் வண்டிகள் பெருகின. தங்கள் நிலம் பறிபோகும் என்று கேயூஸ் மக்கள் அஞ்சினார்கள். அஞ்சியதில் தவறில்லை. 1847-ல் தட்டம்மை பரவியது. டாக்டர் எல்லோருக்கும் மருந்து கொடுத்தார். வெள்ளைக்காரக் குழந்தைகளில் பலர் பிழைத்தனர். அந்த நோய்க்குப் பழகாத கேயூஸ் மக்களோ பாதிப்பேர் இறந்தார்கள். மருந்தில் நஞ்சு கலக்கிறார் என்ற சந்தேகம் கிளம்பியது.

1847 நவம்பர் 29. கேயூஸ் ஆட்கள் சிலர் தாக்கினார்கள். டாக்டரும் நார்சிசாவும் கொல்லப்பட்டார்கள். ஜானும் பிரான்சிசும் மாண்டார்கள். பிடிபட்டவர்களில் இருந்த ஆறு வயது லூயிஸ் அம்மையால் இறந்தாள். ஒரு மாதம் கழித்து, ஹட்சன் பே கம்பெனி அதிகாரி ஒருவர் போர்வைகளும் துப்பாக்கிகளும் கொடுத்து மற்றவர்களை மீட்டார். கொலைக் குற்றத்துக்காக 1850-ல் கேயூஸ் ஆண்கள் ஐவர் தூக்கிலிடப்பட்டார்கள்.

சேகர் குடும்பத்தில் எஞ்சியது நான்கு பெண்கள். நார்சிசா சேர்த்து வைத்திருந்தவர்களை இப்போது தனித்தனி வீடுகளில் விட்டார்கள். கடைக்குட்டி ஹென்ரியட்டா இளம் வயதிலேயே இறந்தாள். அந்த வீட்டில் நடந்ததைக் கேதரின் பிற்காலத்தில் எழுதி வைத்தார்.

1897-ல் வாயிலட்புவில் 50-ம் ஆண்டு நினைவு நாள் நடந்தது. கேதரின், எலிசபெத், மட்டில்டா மூவரும் அங்கே ஒன்றுகூடினார்கள். அப்போது மூவருமே ஐம்பதைத் தாண்டிய பெண்கள்.