சுக்கானில் ஏறிய மோட்டார்

துடுப்புப் போடாமலேயே ஒரு சிறு படகு ஆற்றோட்டத்தை எதிர்த்துச் சென்றால் எப்படி இருக்கும்? 1881ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் அக்காட்சி அரங்கேறியது. அதற்குக் காரணமானவர் குஸ்தாவ் துரூவே.

இவர் 1839ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். ஆஞ்சே நகரத் தொழிற்கல்லூரியில் சேர்ந்த இவரால், உடல்நலக் குறைவு காரணமாகப் படிப்பை முடிக்க இயலவில்லை. எனினும், மனம் தளராமல் பாரிசுக்குச் சென்று கடிகாரம் செய்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். சிறிய பாகங்களைக் கொண்டு நுட்பமான கருவிகளைச் செய்யும் திறனை வளர்த்துக்கொண்டார்.

அக்காலத்தில் இயந்திரப் படகு என்றால் பெரும்பாலும் நீராவிப் படகுதான். கொதிகலனும் நிலக்கரியும் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே, சிறு படகுகளில் மாட்டவும் கழற்றவும் கூடிய மின்மோட்டாரைத் துரூவே உருவாக்கினார். அதன் எடை 5 கிலோகிராம் மட்டுமே. அதைச் சுக்கானின் மேல் பொருத்தினார். நீருக்குள் இருந்த விசிறியை ஒரு சங்கிலி சுழற்றியது. படகினுள் வைத்த மின்கலங்கள் மின்சாரம் தந்தன. மூவரை ஏற்றிய அப்படகு, ஓட்டத்தை எதிர்த்து வினாடிக்கு 1.5 மீட்டரும் ஓட்டத்தோடு 2.5 மீட்டரும் சென்றது.

ஆனால், மின்கலத்திலுள்ள துத்தநாகம் கரையக் கரைய மின்சாரம் குறைந்தது. பின்னாளில் எண்ணெய் இயந்திரங்கள் பெருகியதால் மின்படகுகள் பின்தங்கின. துரூவேயோ ஓய்ந்துவிடவில்லை. மருத்துவர்கள் நெற்றியில் அணியும் மின்விளக்கு உட்படப் பல கருவிகளைப் படைத்தார்.

ஒருநாள் வேலையின்போது அவர் விரலில் வெட்டுக்காயம் ஏற்பட்டது. அதைப் பொருட்படுத்தாததால் நஞ்சேறி, 1902ஆம் ஆண்டு, தமது 63ஆம் வயதில் இறந்தார். காலப்போக்கில் உலகம் அவரை மறந்தது. அவருடைய ஆவணங்களும் 1980இல் தீக்கிரையாயின.

இன்று புகையையும் இரைச்சலையும் குறைப்பதற்காக, எண்ணெய் இயந்திரம் உள்ள சிறு படகுகளிலும் மின்மோட்டாரைச் சேர்த்துப் பொருத்துகின்றனர். பழைய படகை ஒதுக்கிவிடாமல் அதற்குப் புதிய ஆற்றலைத் தரலாம் என்பதைத் துரூவே அன்றே காட்டினார். ஆளை மறந்தாலும் அவர் விதைத்த எண்ணம் மீண்டும் துளிர்த்துள்ளது.